பாலக்காட்டுப் பக்கம் வாடகை வீடு: கோவையிலிருந்து குடிபெயர்கிறவர்களுக்கு

கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் வேலை, ஐ.ஐ.டி.யில் படிப்பு, பாலக்காடு டவுனில் கடை என்று எதற்காகப் போனாலும், வாளையாரைத் தாண்டியதும் முதல் கவலை வீடுதான். கோவையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். பேச்சும் பெரும்பாலும் புரியும். அதனாலேயே பலர் உள்ளூர்தானே என்ற நினைப்பில் வீடு பார்க்கிறார்கள். வாடகை குறைவு என்று அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு, அப்புறம் தண்ணீர் லாரிக்கும் கரண்ட் பில்லுக்கும் ஆட்டோவுக்கும் அதைவிட அதிகமாக அழுகிறார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். அதிலும் ஆறாவது படி முடியும் முன் யாருக்கும் பணம் போகக்கூடாது.

1. முதல் மாதத்துக்கு வீடு வேண்டாம்

வேலைக்குச் சேரும் நாளுக்கு முன்பே வீடு பிடித்துவிட வேண்டும் என்ற அவசரம்தான் பாதித் தவறுகளுக்குக் காரணம். தனி ஆள் என்றால் ஹாஸ்டலிலோ பேயிங் கெஸ்டாகவோ ஒரு மாதம் இருங்கள். குடும்பத்தோடு வருகிறவர்கள் அந்த ஒரு மாதம் குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது. ஷிப்ட் எப்படி அமைகிறது, கம்பெனி பஸ் எந்த வழியாகப் போகிறது, எந்த நேரத்துக்குப் பிறகு பஸ் கிடையாது என்பதெல்லாம் போய் இருந்தால்தான் தெரியும்.

கையில் எவ்வளவு வேண்டும் என்பதை இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். அட்வான்ஸ், முதல் மாத வாடகை, தரகு, ஒப்பந்தச் செலவு, சாமான் வண்டி என ஐந்தும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். உதாரணத்துக்கு வாடகை 8,000, அட்வான்ஸ் 40,000, தரகு ஒரு மாத வாடகை என்று வைத்தால், வண்டி வாடகைக்கு முன்பே 56,000 போய்விடும். சம்பளம் வருவதற்கு முன் இது கையில் இருக்க வேண்டும்.

2. ஷிப்டைப் பார்த்து ஏரியாவைத் தேர்ந்தெடுங்கள்

*கஞ்சிக்கோடு, புதுசேரி.* தொழிற்பேட்டைக்கு நடந்தோ சைக்கிளிலோ போகலாம். வெளியூர்த் தொழிலாளர்கள் நிறைய இருப்பதால் லைன் வீடுகளும் ஒற்றை அறைகளும் அதிகம். இங்கே குவார்ட்டர்ஸ் என்றால் கம்பெனி குடியிருப்பு என்று நினைத்துவிடாதீர்கள்; தனியார் கட்டிய லைன் வீட்டையும் அப்படித்தான் சொல்வார்கள். புதுசேரி என்பது இங்கே ஒரு கிராம பஞ்சாயத்து. இணையத்தில் வெறுமனே புதுச்சேரி என்று தேடினால் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊரில் போய் நிற்பீர்கள். பாலக்காடு என்று சேர்த்துத் தேடுங்கள். ரயில் பாதைக்கு வடக்கே மலையடிவாரம் பக்கம் வாடகை சட்டென்று குறைந்தால் காரணம் கேளுங்கள். கஞ்சிக்கோடு, வாளையார் காட்டோரங்களில் இரவில் யானை இறங்கும். இரவு ஷிப்ட் முடித்து இருட்டில் பைக்கில் வரவேண்டியவர்களுக்கு அந்த இடம் சரிப்படாது.

*சந்திரநகர், மருதரோடு.* டவுனுக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் இடையில், தேசிய நெடுஞ்சாலை 544-ஐ ஒட்டியது. இரண்டு பக்கமும் பஸ் கிடைக்கும். குடும்பத்துக்கு ஏற்றது, அதற்கேற்ப வாடகையும் கூடும்.

*பாலக்காடு டவுன், ஒலவக்கோடு.* பாலக்காடு ஜங்ஷன் ரயில் நிலையம் இருப்பது ஒலவக்கோட்டில். வாரம் ஒருமுறை ஊருக்குப் போகிறவர்களுக்கு இது வசதி. கல்பாத்தி, நூரணி அக்ரகாரங்களில் சுவரோடு சுவர் ஒட்டிய நீள வீடுகள் வாடகைக்கு வரும். சைவம் மட்டும் என்று சில உரிமையாளர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். கல்பாத்தியில் வீடு என்றால் ஐப்பசி கடைசியில் தேரோட்ட நாட்களில் வண்டியைத் தெருவுக்குள் கொண்டுவர முடியாது.

*கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் தாலுக்காவின் கிழக்குப் பகுதி.* தமிழ் பேசுகிறவர்கள் நிறைந்த இடம். தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. வாடகையும் குறைவு. ஆனால் இது மழை மறைவுப் பக்கம், போர்வெல் தண்ணீரை நம்பியது. நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு இருப்பதும் தெரிந்த சங்கதி. குடிநீருக்குத் தனிச் செலவு வைத்துக்கொள்ளுங்கள். தனியார் பஸ்கள் இரவில் சீக்கிரம் நின்றுவிடும். சொந்த வண்டி இல்லாமல் இரண்டாவது ஷிப்ட் பார்க்க முடியாது.

*எல்லைக்கு இந்தப் பக்கமே இருந்துவிடலாமா?* எட்டிமடை, க.க.சாவடி பக்கம் வீடு எடுத்து தினமும் கஞ்சிக்கோடு போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகள் தமிழ்நாட்டுப் பள்ளியில் படிக்கிறார்கள் என்றால் இது யோசிக்க வேண்டியதுதான். பைக்குக்குச் சுங்கம் இல்லை. காராக இருந்தால் வாளையாரை அடுத்த பாம்பாம்பள்ளம் சுங்கச்சாவடி தினமும் வரும். 20 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் சொந்தக் கார்களுக்கு மாதப் பாஸ் உண்டு. முகவரிச் சான்றோடு சாவடியிலேயே கேட்கலாம். ரயிலை நம்புகிறவர்கள், கஞ்சிக்கோட்டில் நிற்பது பெரும்பாலும் பாசஞ்சர், மெமு வண்டிகள்தான் என்பதை நினைவில் வைத்து, ஷிப்ட் நேரத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுச் சீசன் டிக்கெட் எடுங்கள்.

3. எப்போது தேடுவது

கேரளத்தில் பள்ளி ஜூன் தொடக்கத்தில் திறக்கும். அதனால் குடும்ப வீடுகள் ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் காலியாகும். தேர்வு செய்ய நிறைய இருக்கும், போட்டியும் இருக்கும். பேரம் பேச நல்ல காலம் ஆடி. நம் ஆடிதான் அவர்களுக்குக் கர்க்கடகம். அவர்களும் அந்த மாதத்தில் குடிபோக மாட்டார்கள். காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு ஒரு மாதம் வாடகை இல்லாமல் போவதை விட ஐநூறு குறைப்பது மேல் என்று உரிமையாளர் இறங்கி வருவார். உங்களுக்கும் ஆடியில் குடிபோக மனசில்லை என்றால், பேசி முடித்து ஒப்பந்தத்தை ஆவணி முதல் தேதியிட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

4. வீட்டைக் கண்டுபிடிப்பது

இணையதளத்தில் வரும் வீடுகள் பெரும்பாலும் டவுனைச் சுற்றியவை, விலையும் ஏற்றி வைத்தவை. கஞ்சிக்கோடு, கொழிஞ்சாம்பாறை பக்கத்து மலிவான வீடுகள் அதில் ஏறுவதே இல்லை. கம்பெனி செக்யூரிட்டி, டீக்கடை, பலசரக்குக் கடை, ஆட்டோ ஸ்டாண்ட் என்ற நான்கு இடங்களில் சொல்லி வைத்தால் நடக்கும். வயதில் பெரியவர்களைச் சேட்டா, சேச்சி என்று கூப்பிட்டு, தமிழிலேயே நிதானமாகக் கேளுங்கள். பாலக்காட்டில் அது போதும். மலையாளம் படிக்கத் தெரியாவிட்டால், கேட்டில் தொங்கும் போர்டைப் போட்டோ எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டுங்கள்.

தரகர் மூலம் போனால், தரகு எவ்வளவு, எப்போது என்பதை முதல் வீட்டைப் பார்க்கும் முன்பே பேசிவிடுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகுதான் தரகு. வீட்டைக் காட்டுவதற்கே ஐநூறு, ஆயிரம் கேட்கிற ஆளோடு போகாதீர்கள்.

இணையத்தில் வரும் ஒரு மோசடி ஊர் மாறினாலும் மாறுவதில்லை. நல்ல வீட்டின் படம், நம்ப முடியாத வாடகை, உரிமையாளர் ராணுவத்தில் இருக்கிறார், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன், டோக்கன் மட்டும் போடுங்கள் என்பார். சில சமயம் அவரே பணம் அனுப்புவதாகச் சொல்லி க்யூ.ஆர். கோடு அனுப்புவார். பணம் வாங்க யாரும் பின் நம்பர் போட வேண்டியதில்லை. பின் கேட்டால் போவது உங்கள் பணம்.

5. வீட்டுக்குள் போனதும் எதைப் பார்ப்பது

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். பாலக்காடு நகராட்சிக்கும் சுற்றியுள்ள சில பஞ்சாயத்துகளுக்கும் மலம்புழை அணைத் தண்ணீர் குழாயில் வருகிறது. இந்த வீட்டுக்கு அந்த இணைப்பு உண்டா, கிணறா, போர்வெல்லா? மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். மழைக்காலத்தில் எட்டிப் பார்த்தால் எந்தக் கிணறும் நிறைந்துதான் இருக்கும். ஏப்ரலில் எப்படி இருந்தது என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான், குறையே இல்லை.

கிணறு இருந்தால் செப்டிக் டேங்க்கின் உறிஞ்சுகுழி எங்கே என்று பாருங்கள். கேரளக் கட்டிட விதிப்படி கிணற்றுக்கும் அதற்கும் குறைந்தது 7.5 மீட்டர் இடைவெளி வேண்டும். காலை நீட்டி வைத்து நடந்தால் பத்துத் தப்படி, ஏறக்குறைய 25 அடி. சிறிய மனையில் நான்கைந்து போர்ஷன் கட்டிய இடங்களில் இது இருக்காது. பக்கத்து மனையின் குழியையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது வெயில். மார்ச், ஏப்ரலில் பாலக்காடு 40 டிகிரியைத் தொடும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள போர்ஷன் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் சூடாறாது. மாடிக்கு மேல் ஷீட் கூரை போட்டிருந்தால் வெயிலுக்கும் ஒழுகலுக்கும் தப்பிக்கலாம். ஒரே மாதிரி இரண்டு வீடு கிடைத்தால், ஐநூறு கூடக் கொடுத்தாவது கீழ்த்தளத்தையோ ஷீட் போட்டதையோ எடுங்கள். அந்த ஐநூறு ஏ.சி. ஓடாததில் திரும்பி வந்துவிடும். ஒழுகலுக்கு, மேல்மூலைகளிலும் ஜன்னல் மேல்விளிம்பிலும் புதிதாகத் திட்டுத் திட்டாகப் பெயின்ட் அடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு கரண்ட் மீட்டர். பலர் கோட்டை விடும் இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்தக் கணக்கைக் கொண்டுவராதீர்கள். கேரள மின்வாரியமான கே.எஸ்.இ.பி.யும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் பில் போடுகிறது. மாதத்துக்கு 250 யூனிட், அதாவது பில்லில் 500 யூனிட் வரை படிப்படியாக விலை ஏறும்: மாதக் கணக்கில் முதல் 50-க்கு ஒரு விலை, அடுத்த 50-க்கு இன்னொரு விலை. 500-ஐத் தாண்டிவிட்டால் படிக்கட்டே கிடையாது. முதல் யூனிட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த விலை.

இப்போது ஒரே மீட்டரில் மூன்று போர்ஷன் இருக்கும் வீட்டை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவரும் சிக்கனமாக 190 யூனிட்தான் ஓட்டுகிறார்கள். தனி மீட்டர் என்றால் மூவருமே கீழ்ப்படிகளில் இருப்பார்கள். ஒரே மீட்டரில் 570 ஆகிவிட்டதால் மூவருக்கும் மேல் விலை. உங்கள் வீட்டில் ஏ.சி. இல்லை, பக்கத்து போர்ஷனில் இருக்கிறது என்றால் அவர்கள் ஏ.சி.க்கு நீங்களும் படியளக்கிறீர்கள். ஆகவே:

- தனி கே.எஸ்.இ.பி. மீட்டர் உள்ள வீட்டுக்கு முன்னுரிமை. உரிமையாளர் சொந்தமாக வைத்த சப்-மீட்டர் தனி மீட்டர் ஆகாது.
- சப்-மீட்டர்தான் என்றால், ஒரு பழைய பில்லை வாங்கி மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்துப் பாருங்கள். அவர் கேட்கும் யூனிட் விலை அதற்கு ரொம்ப மேலே இருந்தால் பேசுங்கள்.
- பில்லில் கட்டணப் பிரிவு எல்.டி.-1ஏ என்று இருக்க வேண்டும், அதுதான் வீடு. எல்.டி.-7ஏ என்றால் கடைக் கட்டணம். கடைக்காகக் கட்டிய அறையை வீடாக விடும் இடங்களில் இது இருக்கும்.
- 13 இலக்க நுகர்வோர் எண்ணைக் குறித்துக்கொண்டு பாக்கி இருக்கிறதா என்று கே.எஸ்.இ.பி. இணையதளத்திலோ செக்‌ஷன் ஆபீஸிலோ பாருங்கள். பழைய குடியிருப்பாளர் வைத்த பாக்கிக்கு ஃப்யூஸ் பிடுங்கினால் இருட்டில் இருக்கப் போவது நீங்கள்.

6. வீடு யாருடையது

வீட்டைக் காட்டுகிறவர் உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. பல வீடுகளின் சொந்தக்காரர்கள் வளைகுடாவில் இருப்பார்கள். சாவி தம்பியிடமோ பக்கத்து வீட்டிலோ இருக்கும். கேட்க வேண்டியவை மூன்று: உள்ளாட்சியில் கட்டிய கட்டிட வரி ரசீது, கடைசிக் கரண்ட் பில், உரிமையாளரின் ஆதார் நகல். மூன்றிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். கரண்ட் பில் இறந்துபோன அப்பா பெயரில் இருப்பது சகஜம், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். வரி ரசீதில் வேறு யாரோ பெயர் என்றால் நிறுத்துங்கள்.

உரிமையாளர் வெளிநாட்டில் என்றால், கையெழுத்துப் போடுகிறவரிடம் பவர் ஆஃப் அட்டர்னி நகல் கேளுங்கள். வாடகையை உரிமையாளர் கணக்கிலேயே நேரடியாகப் போடச் சொன்னால் இன்னொரு சிக்கல் உண்டு: வருமான வரிச் சட்டப்படி என்.ஆர்.ஐ. ஒருவருக்குக் கொடுக்கும் வாடகையில் டி.டி.எஸ். (கொடுக்கும்போதே கழிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்டும் பொறுப்பு வாடகைக்கு இருப்பவருடையது. வாடகை சிறியது என்பதால் விலக்கு இல்லை. இது தெரியாமல் பல பேர் இருக்கிறார்கள். முதல் வாடகைக்கு முன் ஒரு ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

கம்பெனியில் வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்குக் கேட்கப் போகிறீர்களா? ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண் வேண்டும். தர மாட்டேன் என்பவர் பிறகும் தர மாட்டார், இப்போதே கேளுங்கள்.

உங்கள் பக்கம் தயாராக வைக்க வேண்டியது: ஆதார் நகல், இரண்டு போட்டோ, வேலை உத்தரவு அல்லது கம்பெனி அடையாள அட்டை, சொந்த ஊர் முகவரியும் அங்கே ஒருவரின் போன் எண்ணும். போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க ஒரு செட் கூடுதலாகக் கேட்பார்கள். தயங்காமல் கொடுங்கள், நகலின் குறுக்கே தேதியும் காரணமும் எழுதிக் கொடுங்கள்.

7. அட்வான்ஸும் பணயமும்

அட்வான்ஸ் வங்கி வழியாக, உரிமையாளர் பெயரில் உள்ள கணக்குக்கே போகட்டும். ரொக்கம்தான் வேண்டும் என்றால் தொகையை எழுத்தாலும் எண்ணாலும் ஒப்பந்தத்திலேயே எழுத வைத்து, தனி ரசீதும் வாங்குங்கள். பேரம் பேசும்போது, வாடகையில் ஐநூறு குறைப்பதை விட அட்வான்ஸில் இருபதாயிரம் குறைப்பது புதிதாக வருகிறவர்களுக்கு நல்லது. கைப்பணம் மிஞ்சும், காலி செய்யும்போது சிக்கிக்கொள்ளும் தொகையும் குறையும்.

பணயத்துக்கு வீடு என்றும் சொல்வார்கள். நம் ஊர் ஒத்தி, போக்கியம் மாதிரிதான்: சில லட்சம் மொத்தமாகக் கொடுத்தால் மாத வாடகை கிடையாது. புதிதாக வந்தவர்கள் இதைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து கட்டாமல் போனால் வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளும். உங்கள் லட்சங்களுக்கு வரிசையில் கடைசி இடம்தான். ஆவணத்தை வங்கியில் வைத்து வாங்கிய கடன் எல்லாமே வில்லங்கச் சான்றில் தெரிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. செய்தே தீருவேன் என்பவர்கள் வக்கீல் பார்த்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

8. ஒப்பந்தம்

முத்திரைத்தாள் கேரளத்தினுடையதாக இருக்க வேண்டும். கோவையில் வாங்கி வைத்த தாளில் எழுதினால் நாளைக்கு இங்கே கேள்வி வரும். சார்பதிவாளர் அலுவலகத்தை ஒட்டி ஆதாரம் எழுத்து (பத்திரம் எழுதும்) அலுவலகங்கள் இருக்கும்; எத்தனை ரூபாய்த் தாள், எழுத்துக்கூலி எவ்வளவு என்று அங்கே கேட்டால் சொல்வார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பது பதிவுச் சட்டம். அதனால்தான் எல்லோரும் 11 மாதம் போடுகிறார்கள். மலையாளத்தில் எழுதியிருந்தால், வீட்டுக்காரர் ஆள் அல்லாத ஒருவர் படித்துச் சொன்ன பிறகே கையெழுத்து. ஆங்கிலத்தில் எழுதச் சொன்னாலும் மறுக்க மாட்டார்கள்.

இவை எழுத்தில் இருக்கட்டும்: வாடகைத் தேதி, 11 மாதம் கழித்து எவ்வளவு உயரும், காலி செய்ய இரு தரப்பும் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும், பெயின்டுக்குப் பிடித்தம் உண்டா, எவ்வளவு, மோட்டார் ரிப்பேரும் செப்டிக் டேங்க் காலி செய்வதும் யார் செலவு. கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் எழுதுவதில்லை, பிறகு சண்டை வருவதும் அதில்தான்.

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தை இங்கே காட்டிப் பேச முடியாது. கேரளத்தில் 1965-ஆம் ஆண்டின் கட்டிடக் குத்தகை, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. அது நடப்பில் உள்ள இடங்களில் வாடகைக்கு ரசீது கேட்பது உங்கள் உரிமை. வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றம் போகாமல் உங்களை வெளியேற்றவும் முடியாது.

9. குடிபோகும் நாள்

சாமான் வண்டி வந்ததும் சுமைத் தொழிலாளர்கள் வந்து நிற்கலாம். வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நிற்பதற்குக் கேட்கும் நோக்குகூலி 2018 மே 1 முதல் கேரளத்தில் தடைசெய்யப்பட்டது. வீட்டுச் சாமானை உங்கள் ஆட்களை வைத்தே இறக்கலாம். பீரோ, ஃப்ரிட்ஜ் போன்ற கனமான சாமானுக்கு அவர்கள் உதவி தேவை என்றால், இறக்கும் முன்பே கூலி பேசி ரசீது கேளுங்கள். தகராறு என்றால் லேபர் ஆபீசுக்கோ ஸ்டேஷனுக்கோ போன் செய்யலாம். உள்ளூர் ஆள் ஒருவர், முடிந்தால் வீட்டுக்காரரே, அன்றைக்குக் கூட இருந்தால் பெரும்பாலும் பேச்சோடு முடிந்துவிடும்.

சாமான் உள்ளே போகும் முன் காலி வீட்டை வீடியோ எடுங்கள்: சுவர், கதவு, குழாய், ஃபேன், மீட்டர் ரீடிங். எடுத்ததை அன்றே உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

குப்பை விஷயம் நம் ஊர் மாதிரி இல்லை. தெருமுனைத் தொட்டியைத் தேடாதீர்கள். பிளாஸ்டிக், கண்ணாடி போன்றவற்றைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்து வைத்தால் உள்ளாட்சியின் குப்பை சேகரிக்கும் குழுவான ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதம் ஒருமுறை வந்து வாங்கிக்கொள்வார்கள். அதற்கு மாதக் கட்டணம் உண்டு. பஞ்சாயத்துகளில் 50 ரூபாய் என்பது வழக்கமான தொகை. ரசீதைப் பத்திரமாக வையுங்கள், உள்ளாட்சியில் வேறு காரியத்துக்குப் போகும்போது கேட்கலாம். சோறு, காய்கறிக் கழிவு உங்கள் பொறுப்பு. உரத்தொட்டியோ பைப் கம்போஸ்டோ வீட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கை எரித்தால் அபராதம்.

பைக், கார் தமிழ்நாட்டுப் பதிவு என்றால், 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டக் கேரளப் பதிவுக்கு மாற்ற வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்க வேண்டியிருக்கும், பத்தாவது மாதமே தொடங்கிவிடுங்கள்.

10. காலி செய்யும்போது

ஒப்பந்தத்தில் உள்ள நாள் கணக்குப்படி எழுத்தில் சொல்லுங்கள், வாட்ஸ்அப் செய்தியும் போதும். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், நீங்கள் போன பிறகு வரும் பில்லைக் காரணம் காட்டி மொத்த அட்வான்ஸையும் நிறுத்தி வைப்பார்கள். காலி செய்யும் அன்று மீட்டரைப் படமெடுத்து, கடைசி பில்லுக்குப் பிறகு ஓடிய யூனிட்டுக்கு உத்தேசத் தொகை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியை அன்றே கொடுக்கச் சொல்லுங்கள். சாவியைக் கொடுப்பது பணம் கணக்கில் ஏறிய பிறகு.